லாங் ஷாஃப்ட் டு ஷார்ட் ஷாஃப்ட்: பழைய படகு மோட்டாரில் அஞ்சு இன்ச் குறைப்பது எப்படி?

படகு மோட்டார்னு சொன்னதும் எல்லாரும் முதல்ல கேட்கிறது "எத்தனை எச்.பி.?" என்பதுதான். பைக் பார்த்தா சிசி கேட்கிற அதே பழக்கம். ஆனா அவுட்போர்டு மோட்டாரில் அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: "ஷாஃப்ட் எத்தனை இன்ச்?" எச்.பி. கொஞ்சம் கம்மியா இருந்தா படகு மெதுவா போகும், அவ்வளவுதான். ஷாஃப்ட் நீளம் படகோட ஒத்துப்போகலைன்னா எவ்வளவு எச்.பி. இருந்தும் பிரயோஜனம் இல்லை.

எங்க ஊர் கான்சாபுரம், வத்திராயிருப்பு பக்கம். மேற்கே மலை, பிளவக்கல் அணை, சுத்தி கண்மாய். கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல. எங்க ஊர்ல மோட்டார்னா கிணத்து மோட்டார்தான். அப்படிப்பட்ட ஊர்க்காரன் எதுக்கு படகு மோட்டாரைப் பத்தி எழுதுறான்னு கேட்கலாம். எங்க டீமோட ஃபைனல் இயர் புராஜெக்ட் வெள்ளத்துல ஆட்களை மீட்கிறதுக்கான ஒரு சின்னத் தட்டையடிப் படகு. பட்ஜெட்டுக்குள்ள கிடைச்ச மோட்டார் தூத்துக்குடி பக்கம் ஓடின பழைய 8 எச்.பி. டூ ஸ்ட்ரோக். அது லாங் ஷாஃப்ட். படகு ஷார்ட் ஷாஃப்டுக்கானது. இந்தக் கட்டுரை அங்கேருந்து வந்தது. மெக் பசங்களுக்கு இதுல தியரி பேப்பர் மூணு நாலு ஒரே இடத்துல சந்திக்கும். மத்தவங்களும் பயப்படாம படிக்கலாம்.

எந்த நீளத்தைச் சொல்றாங்க?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். "ஷாஃப்ட் நீளம்"னு சொல்றாங்களே தவிர, உள்ளே இருக்கிற ஷாஃப்டை யாரும் அளக்கிறது இல்லை. மோட்டாரோட கிளாம்ப் படகின் பின்பலகை மேல உட்கார்ற இடத்துல இருந்து, புரொப்பெல்லருக்கு மேல கிடைமட்டமா நீட்டிக்கிட்டு இருக்கிற தகடு வரைக்கும் உள்ள தூரம்தான் அது. ஷார்ட் என்றால் சுமார் 15 இன்ச், அதாவது 381 மி.மீ. லாங் 20 இன்ச், 508 மி.மீ. எக்ஸ்ட்ரா லாங் 25 இன்ச். யமஹா மாடல் பெயரின் கடைசியில வர்ற எஸ், எல், எக்ஸ் எழுத்துக்கள் இந்த மூணைத்தான் குறிக்குது. ஆனா பழைய மோட்டார்ல ஸ்டிக்கரை நம்பாதீங்க. இருபது வருஷத்துல யார் யார் எதை மாத்தினாங்கன்னு தெரியாது. டேப் எடுத்து அளந்துடுங்க.

படகுப் பக்கம் அளக்க வேண்டியது பின்பலகையின் உயரம். இதுக்கு டிரான்ஸம்னு பேரு. மேல் விளிம்பின் நடுவுல இருந்து அடிப்பாகம் வரைக்கும் நேர் செங்குத்தா அளக்கணும். பலகை சாய்வா இருக்கும், அந்தச் சாய்வு மேல டேப்பை வெச்சு அளந்தா கணக்கு தப்பும். எங்க படகுல அது பதினஞ்சரை இன்ச். ரெண்டு அளவும் சேர்ந்தா, அந்தத் தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமா, இல்ல ஒரு இன்ச் வரைக்கும் கீழ வரணும்.

தகடு ஏன் அவ்வளவு முக்கியம்? கிணத்து மோட்டார்ல ஃபுட் வால்வு தண்ணி மட்டத்துக்குக் கிட்ட வந்தா என்ன ஆகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். காத்தை இழுக்கும், மோட்டார் சத்தம் மாறும், தண்ணி வராது. புரொப்பெல்லரும் அப்படித்தான். மேல் மட்டத்துல இருந்து காத்தை இழுத்துக்கிட்டா இன்ஜின் சுத்து எகிறும், படகு நகராது. இதுக்கு வென்டிலேஷன்னு பேரு. காத்து கீழ இறங்காம மூடி போட்ட மாதிரி தடுக்கிறதுதான் அந்தத் தகடு. பலர் இதை கேவிட்டேஷன்னு சொல்லுவாங்க, அது வேற விஷயம். கேவிட்டேஷனில் வெளிக்காத்தே கிடையாது. பிளேடு மேல அழுத்தம் விழுந்து தண்ணியே ஆவிக்குமிழாகி, அது உடையும்போது உலோகத்தைக் கொத்தி எடுக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வைவாவுல இந்த வித்தியாசத்தைக் கேட்டா இனி சொல்லிடுவீங்க.

உயரமான படகுல ஷார்ட் ஷாஃப்ட் மாட்டினா வென்டிலேஷன் பிரச்சனை. எங்க கேஸ் அதுக்கு நேர் எதிர். தாழ்ந்த படகுல லாங் ஷாஃப்ட். காத்து இழுக்காது, ஆனா கியர்கேஸ் முழுக்க அஞ்சு இன்ச் கூடுதலா தண்ணிக்குள்ள தொங்கும். இழுவை கூடும், தண்ணி பின்னாடி பீய்ச்சி அடிக்கும். முக்கியமா, ஆழம் கம்மியான இடத்துல தரை தட்டும்.

கடற்கரை மோட்டார் ஏன் நீளம்?

நம்ம கடற்கரையில பழைய மரக்கட்டை கட்டுமரத்துக்கு பின்பலகையே கிடையாது. அப்புறம் எங்க மோட்டாரை மாட்டுறது? 1980-களில் குமரி மாவட்டம் முட்டம் பக்கம் பிளைவுட் படகுகள் கட்ட ஆரம்பிச்சாங்க. பெல்ஜியத்துல இருந்து வந்த பியர் ஜில்லே அந்த முயற்சியில முக்கியமானவர். கேரளாவிலயும் அந்தக் காலத்துலதான் வள்ளங்கள்ல மண்ணெண்ணெய் மோட்டார் வேகமா பரவுச்சு. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துற வகை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில ஃபைபர் படகுகள் பெருகுச்சு. இதெல்லாம் அலையை வெட்டிக்கிட்டு போற படகுகள். அலை மேல ஏறி இறங்கும்போது பின்பக்கம் தூக்கும். அந்த நேரத்துலயும் புரொப்பெல்லர் தண்ணிக்குள்ள இருக்கணும். பின்பலகையும் உயரமா இருக்கணும், இல்லேன்னா அலை பின்னாடி இருந்து உள்ளே வந்துடும். அதனால கடலுக்கு லாங் ஷாஃப்ட் சரியான தேர்வு. செகண்ட் ஹேண்டுல நம்ம பக்கம் வர்ற மோட்டார் லாங்கா இருக்கிறதுல ஆச்சரியமே இல்லை.

ஆனா வெள்ளம் கடல் இல்லை. 2018 ஆகஸ்ட்ல கேரள வெள்ளத்தப்ப மீனவர்கள் படகுகளை லாரியில ஏத்திக்கிட்டு செங்கன்னூர் மாதிரி உள்ளூர்களுக்குப் போனாங்க. அறுநூறுக்கும் மேற்பட்ட படகுகள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள்ல என்ன நடந்ததுன்னு நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கிட்ட மழை. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட நூற்றுக்கணக்கான பேர் சிக்கிக்கிட்டாங்க. அப்பவும் மீனவர்களோட படகுகள் ஊருக்குள்ள வந்துச்சு. அந்தத் தண்ணிக்கு அடியில காம்பவுண்டு சுவர், கேட்டு, கைப்பம்பு, முள்வேலி, நிறுத்தி வெச்ச பைக் எல்லாம் இருக்கும். ஒரு 8 எச்.பி. மோட்டார்ல தகடுக்குக் கீழயே முக்கால் அடியில இருந்து ஒரு அடி வரைக்கும் கியர்கேஸ் இருக்கு. அதோட இன்னொரு அஞ்சு இன்ச் சேர்ந்தா, இடுப்பளவுத் தண்ணியில மூழ்கின கைப்பிடிச் சுவரைத் தாண்டுமா தாண்டாதான்னு முடிவாகிற இடம் அதுதான். படகுக்குள்ள ஒரு பாட்டியும் ரெண்டு குழந்தையும் இருக்கும்போது மோட்டார் சுவத்துல மோதி நின்னா, அப்புறம் துடுப்புதான்.

மோட்டாரைத் தொடாம தீர்க்க முடியுமா?

முடியும். இதை முதல்ல யோசிக்கணும். டிரான்ஸம் மேல அஞ்சு இன்ச் உயரத்துக்கு கட்டை வெச்சு, மோட்டாரை அது மேல மாட்டினா கியர்கேஸ் தானா மேல வந்துடும். செலவு கம்மி, மோட்டாரைப் பிரிக்கவே வேண்டாம். இன்ஜின் தண்ணியில இருந்து அஞ்சு இன்ச் தள்ளி இருக்கிறது கூடுதல் லாபம். பல பேருக்கு இதுவே போதும்.

ஆனா இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் படிச்ச நாம ஒரு நிமிஷம் கணக்கு போடணும். 8 எச்.பி.னா கிட்டத்தட்ட 6,000 வாட். அதுல பாதி படகைத் தள்ளுறதுக்குப் பயன்படுதுன்னு வெச்சுப்போம், 3,000 வாட். மணிக்கு 18 கி.மீ., அதாவது நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல தள்ளுவிசை 600 நியூட்டன். கிளாம்ப்பின் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் முட்டுக்கும் இடையில 20 செ.மீ.ன்னு எடுத்துப்போம். மோட்டார் படகை முன்னாடி தள்ளும்போது கீழ் முட்டு பலகையை முன்னாடி அழுத்தும், மேல் ஸ்க்ரூ பின்னாடி இழுக்கும். லாங் ஷாஃப்ட்ல மேல் ஸ்க்ரூவில இருந்து புரொப்பெல்லர் மையம் வரைக்கும் சுமார் 66 செ.மீ. கீழ் முட்டைச் சுத்தி மொமென்ட் எடுத்தா 600 × 46 ÷ 20, அதாவது 1,380 நியூட்டன். 140 கிலோ எடையை மேல் விளிம்புல கட்டி இழுக்கிற மாதிரி. ஷார்ட்ல அதே கணக்கு 600 × 33 ÷ 20, சுமார் 100 கிலோ.

இந்த 140 கிலோ இழுவை விழுறது நாம புதுசா வெச்ச கட்டையில. அது பழைய பலகையோட சேர்ற இடத்துலதான் முழு வளைவும். மேல சும்மா உட்கார வெச்சு ஆணி அடிச்சா ஒரு நாளும் நிக்காது. டிரான்ஸமின் பாதி உயரத்துக்காவது கீழ இறங்குற மாதிரி ரெண்டு பக்கமும் பிளைவுட் கொடுத்து, ஊடுருவி போல்ட் போட்டு, ஃபைபர் சுத்தினா நிக்கும். எங்க படகுல பின்பலகை ஏற்கனவே மெலிசு. திரும்பத் திரும்ப ரிவர்ஸ், ஃபார்வேர்டு போடுற மீட்புப் படகுக்கு அது வேண்டாம்னு முடிவு பண்ணினோம். உங்க படகுல பலகை கனமா, நல்லா இருந்தா, இந்தப் பாராவோட கட்டுரையை மூடிட்டு கட்டையை வெச்சிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்.

மோட்டாருக்குள்ள என்ன மாறுது?

அவுட்போர்டு மோட்டாரை மூணு அடுக்கா நினைச்சுக்கோங்க. மேல இன்ஜின். நடுவுல வெற்றுக் குழாய் மாதிரி ஒரு அலுமினிய உறை. கீழ கியர்கேஸ். நடு உறைக்குள்ள மேலிருந்து கீழ போறது மூணு: இன்ஜின் சுத்தைக் கியருக்குக் கொண்டு போற டிரைவ் ஷாஃப்ட், கியர் மாத்துற ஷிஃப்ட் ராடு, கீழ இருக்கிற பம்ப்ல இருந்து தண்ணியை இன்ஜினுக்கு ஏத்துற குழாய். புகை கீழ இறங்குறதும் இந்த உறை வழியாத்தான்.

பழைய மோட்டார்கள்ல லாங் ஷாஃப்ட் ரெண்டு விதமா வரும். ஒண்ணு, நடு உறைக்கும் கியர்கேஸுக்கும் இடையில அஞ்சு இன்ச் உயரத்துக்கு தனியா ஒரு துண்டு இருக்கும், ஸ்பேசர். இன்னொண்ணு, நடு உறையே ஒரே வார்ப்பா நீளமா இருக்கும். வெளியில இருந்து பார்த்தாலே தெரியும். ஒரு இணைப்புக் கோடு இருந்தா ஸ்பேசர் இல்லாத வகை, அஞ்சு இன்ச் இடைவெளியில ரெண்டு கோடு இருந்தா ஸ்பேசர் வகை. ஸ்பேசர் வகைன்னா சந்தோஷப்படலாம், எங்களோடது அதுதான். ஒரே வார்ப்புன்னா ஷார்ட் மோட்டாரோட நடு உறையையே தேடிப் பிடிக்கணும். அந்த உறையை அறுத்து அலுமினிய வெல்டிங் பண்ணலாமேன்னு ஒருத்தர் ஐடியா கொடுப்பார். உப்புல ஊறின வார்ப்பு அலுமினியம் வெல்டிங்ல துளை துளையா வரும், இணைப்பு முகங்களும் கோணிக்கும். வேண்டாம்.

ஸ்பேசரை எடுத்துட்டா வேலை முடிஞ்சுடாது, அங்கதான் ஆரம்பிக்குது. உள்ளே இருக்கிற மூணுமே அஞ்சு இன்ச், அதாவது 127 மி.மீ. குறையணும். இதுல எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மொத்த விஷயமும்.

தண்ணிக் குழாயை வெட்டலாம். செம்பு இல்ல ஸ்டீல் குழாய்தான், பைப் கட்டரால சுத்தமா வெட்டி, விளிம்புல இருக்கிற பிசிறை எடுத்துடணும். பிசிறு இருந்தா ரப்பர் வளையத்தைக் கிழிச்சிடும், தண்ணி இன்ஜினுக்குப் போகாம உறைக்குள்ளயே கொட்டும்.

ஷிஃப்ட் ராடையும் பெரும்பாலும் வெட்டலாம். அதுல சுத்து விசை எதுவும் இல்லை, மேல கீழ இழுக்கிறது மட்டும்தான். நல்ல டர்னர் கிட்ட கொடுத்தா வெட்டி, மறுபடி திரெட் போட்டுக் கொடுப்பார். ஆனா நீளம் மில்லிமீட்டர் கணக்குல சரியா இருக்கணும். பிரிக்கிறதுக்கு முன்னாடி நியூட்ரல்ல வெச்சு, கியர்கேஸ் முகத்துல இருந்து ராடு நுனி வரைக்கும் அளந்து எழுதி வெச்சுக்கோங்க. புது நீளம் அந்த எண்ணில இருந்து 127 குறைவு. இதுல தப்பு வந்தா கியர் பாதி விழும். டாக் கிளட்ச் பல்லு முழுசா கோர்த்துக்காம தட்டித் தட்டி மழுங்கும், ஒரு நாள் ஃபார்வேர்டு போட்டா "கடகட"ன்னு சத்தம் மட்டும்தான் வரும்.

டிரைவ் ஷாஃப்டை மட்டும் வெட்டாதீங்க. இதைத்தான் எல்லா லேத் பட்டறையிலயும் "அதெல்லாம் ஒரு வேலையா தம்பி, நடுவுல அறுத்து வெல்ட் வெச்சுடலாம்"னு சொல்லுவாங்க. கணக்கு போட்டுப் பார்த்தா அவங்க சொல்றது சரின்னே தோணும். 8 எச்.பி., 5,000 ஆர்பிஎம். டார்க் = 5,968 ÷ 523.6, சுமார் 11.4 நியூட்டன் மீட்டர். ஷாஃப்ட் விட்டம் 12 மி.மீ.ன்னு எடுத்தா ஷியர் ஸ்ட்ரெஸ் 34 மெகாபாஸ்கல் கிட்டதான். சாதாரண ஸ்டீலே தாங்கும். அப்புறம் என்ன பிரச்சனை?

அந்த 11.4 சராசரி. ஒண்ணு ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு வெடிப்புக்கும் டார்க் சராசரியை விட எவ்வளவோ மேல எகிறி இறங்கும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. இது ஃபட்டீக் கேஸ், ஸ்டேட்டிக் கேஸ் இல்லை. வெல்ட் வெச்ச இடத்துக்குப் பக்கத்துல சூடு பட்ட பகுதியில உலோகத்தோட அமைப்பே மாறி, முறுகலா ஆகியிருக்கும். விரிசல் ஆரம்பிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ரெண்டாவது, வெல்ட் பண்ணினா ஷாஃப்ட் கொஞ்சமாவது வளையும். அந்த ஷாஃப்ட் கீழ தண்ணிப் பம்ப்பையும் ஆயில் சீலையும் ஊடுருவிப் போகுது. அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தா சீல் போயிடும், கியர் ஆயிலுக்குள்ள தண்ணி புகுந்துடும். மூணாவது, மேல் நுனியை வெட்டி புதுசா ஸ்ப்ளைன் போடலாமான்னு கேட்டா, அளவு துல்லியமா கிரான்க் ஷாஃப்டோட கோர்க்கணும், ஹீட் ட்ரீட்மென்ட் திரும்பச் செய்யணும். அதுக்கு ஆகிற செலவுல ஒரிஜினல் ஷார்ட் ஷாஃப்டே வாங்கிடலாம். கீழ் நுனியைத் தொடவே கூடாது. இம்பெல்லர் சாவி உட்கார்ற பள்ளமும் பினியன் கோர்க்கிற இடமும் அங்கதான்.

இன்னொரு விஷயம். புரொப்பெல்லர் எதுலயாவது மோதினா கியர் உடையாம இருக்கத்தான் ஷியர் பின், இல்லேன்னா ரப்பர் ஹப் வெச்சிருக்காங்க. வேணும்னே பலவீனமா வெச்ச பாகம் அது. வெல்ட் வெச்ச ஷாஃப்ட் அதைவிட பலவீனமா இருந்தா முதல்ல போறது ஷாஃப்ட். ஷியர் பின்னை படகுல உட்கார்ந்தே மாத்தலாம். ஷாஃப்ட் உடைஞ்சா அதே ஷாஃப்ட் ஓட்டுற தண்ணிப் பம்ப்பும் நிக்கும், இன்ஜின் மட்டும் சுமையே இல்லாம அலறும்.

அதனால ஷார்ட் மாடலுக்கான டிரைவ் ஷாஃப்டை வாங்குங்க. பழைய மோட்டார்னா பாகம் கிடைக்கிறதுதான் கஷ்டம். எவின்ரூடு மோட்டார் உற்பத்தி 2020-லயே நின்னுபோச்சு. ஆனா ஒரே வரிசையில பல வருஷம் ஒரே ஷாஃப்ட் போட்டிருப்பாங்க, பார்ட் நம்பரை வெச்சுத் தேடுங்க. இன்ஜின் போன ஷார்ட் மோட்டார் ஒண்ணு பழைய இரும்பு விலைக்குக் கிடைச்சா, ஷாஃப்ட், ராடு, குழாய், குட்டை போல்ட் எல்லாம் ஒரே இடத்துல வந்துடும். எங்களுக்கு அப்படித்தான் கிடைச்சுது.

பிரிக்கிறதும் கோர்க்கிறதும்

ஸ்பார்க் ப்ளக் வயரைக் கழட்டாம புரொப்பெல்லர் பக்கம் கையே வைக்காதீங்க. கடல்ல ஓடின மோட்டார்ல ஸ்டீல் போல்டும் அலுமினிய உறையும் உப்புத் தண்ணியில சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செஞ்சிருக்கும். அலுமினியம் அரிச்சு, வெள்ளைப் பொடியாகி, போல்டை இறுக்கிப் பிடிச்சிருக்கும். முதல் வருஷ கெமிஸ்ட்ரியில படிச்ச கால்வானிக் அரிப்பு இதுதான். ஆயில் ஊத்தி ஒரு ராத்திரி விடுங்க, அப்புறம் உறையை மிதமா சூடாக்கி, முன்னும் பின்னுமா கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க. பொறுமை இல்லாம ஸ்பானர்ல பைப் மாட்டித் திருப்பினா போல்டு தலை கையோட வரும்.

கோர்க்கும்போது கவனிக்க வேண்டியது சிலது. ஸ்பேசர் போனதால பழைய நீள போல்டு அடியில முட்டிக்கும். இறுகின மாதிரி கைக்குத் தெரியும், ஆனா கியர்கேஸ் இறுகியிருக்காது. குட்டை போல்டு போடுங்க. இம்பெல்லர் பார்க்க நல்லா இருந்தாலும் புதுசு மாத்திடுங்க, பிரிச்ச கையோட செலவு கம்மி. ஸ்ப்ளைன் பல்லுங்களுக்கு கிரீஸ் தடவணும், ஆனா ஷாஃப்டின் உச்சந்தலையில தடவக்கூடாது. அங்க கிரீஸ் அடைச்சுக்கிட்டா வெளியேற வழியில்லாம ஷாஃப்ட் முழுசா உட்காராது, ஷாஃப்டும் கிரான்க்கும் ஒண்ணையொண்ணு அழுத்தும். கியர்கேஸை மேல ஏத்தும்போது ஷாஃப்ட், ராடு, குழாய் மூணும் ஒரே நேரத்துல அதது இடத்துல புகணும். இதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் தாங்க, ஒருத்தர் டார்ச் அடிச்சுப் பார்த்து ஃப்ளைவீலைக் கொஞ்சமா வலப்பக்கம் திருப்ப. கடைசி ஒரு இன்ச் போகலைன்னா போல்டால இழுத்து இறுக்காதீங்க. ஏதோ ஒண்ணு இடத்துல இல்லைன்னு அர்த்தம்.

முதல் ஓட்டம் டிரம்லதான். பம்ப் தண்ணி எடுக்கிற துளை நல்லா மூழ்கற அளவுக்குத் தண்ணி இருக்கணும். தண்ணி இல்லாம "சும்மா ஒரு தடவை" ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தா ரப்பர் இம்பெல்லர் காய்ஞ்சு போயிடும். ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் பின்னாடி இருக்கிற சின்னத் துளையில இருந்து தண்ணி பீய்ச்சணும். அது வரலைன்னா உடனே நிறுத்துங்க. குழாய் சரியா உட்காரலை. வந்தா பத்து நிமிஷம் ஓடவிட்டு, நியூட்ரல், ஃபார்வேர்டு, ரிவர்ஸ் மூணும் சுத்தமா விழுதான்னு பாருங்க. அப்புறம் கண்மாய்.

தண்ணியில ஆள் ஏத்தி, முழு த்ராட்டில்ல போய் ஒரு கூர்மையான திருப்பம் போடுங்க. திருப்பத்துல இன்ஜின் சத்தம் எகிறினா கியர்கேஸ் கொஞ்சம் மேல இருக்கு. பின்னாடி தண்ணி பீய்ச்சி அடிச்சா கீழ இருக்கு. எங்களுக்குத் தகடு படகின் அடிமட்டத்துக்கு அரை இன்ச் மேல வந்துச்சு, பதினஞ்சரை இன்ச் பலகையில எதிர்பார்த்ததுதான். திருப்பத்துல லேசா காத்து இழுத்துச்சு. பின்பலகையின் மேல் விளிம்பை ஒரு இன்ச் இழைச்சதும் சரியாச்சு.

எடுத்த ஸ்பேசர், நீள ஷாஃப்ட், நீள போல்டு எல்லாத்தையும் ஆயில் துணியில சுத்தி, மோட்டார் மாடல் பெயரை எழுதி வெச்சிடுங்க. அடுத்த பேட்ச் இதே மோட்டாரை உயரமான படகுல மாட்ட நினைச்சா, அதே மூணு பாகமும் திரும்ப வேணும். எங்க ஷாஃப்ட் லேப்ல மூணாவது அலமாரியில இருக்கு.